கரும்பித்தம்

அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு சாபம் உண்டு. யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்ற ஆராய்ச்சிதான் வரும். கேட்டவர் பாதியிலேயே பஸ் பிடிக்க ஓடிவிடுவார். இதனால் இருபது வருஷமாக வேர்க்காரர் சௌக்கியமா இல்லையா என்பது உலகத்துக்குத் தெரியாமலே இருந்தது. அவருக்கும்தான்.

வேர்க்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் எந்த வேரிலிருந்து முளைத்தது என்று தோண்டி எழுதுவது அவர் வேலை. எதிர் மேஜையில் வாக்கியக்காரர். ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுபவர். இருவரையும் கட்டி மேய்ப்பவர் பொறுப்பாசிரியர் அம்மாள். அவர் பேசி முடித்தபிறகு யாரும் பேசத் துணிவதில்லை என்பதால், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை. எழுத்துக்கு ஒன்றாக இருபத்தாறு மர இழுப்பறை. அவற்றுக்குள் லட்சத்துச் சொச்சம் அட்டைகள். அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

அந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்: கண்டதை எழுது, கேட்டதை எழுது, கதை எழுதாதே. முன்பு ஒருவர் 'ஏ' எழுத்து முழுவதற்கும் ராஜா, சிங்கம், முனிவர் என்று அளந்து தள்ளிவிட்டு ஓய்வுபெற்றதன் விளைவு. அன்றிலிருந்து எடுத்துக்காட்டு என்றால் எழுதுகிறவர் தன் கண்ணால் பார்த்ததாக, காதால் கேட்டதாக இருக்கவேண்டும். அதுமட்டுமல்ல, அந்தச் சொல்லைச் சொல்லாமலே அந்தச் சொல்லைக் காட்டவேண்டும். வாக்கியக்காரர் இதில் கில்லாடி. கஞ்சத்தனத்தைச் சொல்லும் 'ஸ்டிஞ்சி' என்ற சொல்லுக்குப் போன பதிப்பில் அவர் எழுதியிருந்தது: 'தும்மியவருக்குக் கைக்குட்டையின் ஒரு மூலையை மட்டும் நீட்டினார்.' கைக்குட்டைக்காரர் வேர்க்காரர்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முற்றுப்புள்ளி கதவருகே வந்து நின்றார். 'எம்' எழுத்துப் பக்கங்கள் ஐந்து மணிக்கு அச்சகத்துக்குப் போகவேண்டும். 'மெலன்கலி' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. மனச்சோர்வைச் சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்களை எடுத்து, எது எங்கிருந்து வந்தது, எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம் என்று அரைப்பக்கம் வேண்டும். வாக்கியக்காரர் திங்கட்கிழமையிலிருந்து தகவலே இல்லாமல் மட்டம் போட்டிருப்பதால் வாக்கியங்களையும் வேர்க்காரரே சரிபார்த்துவிடவேண்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இழுப்பறைச் சாவி வழக்கமாக வேர்க்காரரின் சட்டைப்பையில் இருக்கும். இப்போது ஜன்னல் விளிம்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை தானே அங்கே வைத்துவிட்டுப் போனதும், அதற்கப்புறம் எடுத்தாலும் அங்கேயே திரும்ப வைப்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏன் வைத்தார் என்பது ஞாபகம் வரவில்லை. ஐந்து இழுப்பறைகளைத் திறந்து ஐந்து அட்டைகளை உருவி மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

புதுப் பதிப்பு ஒன்றேகால் வருஷமாக எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது. 'பி'யும் 'டி'யும் போன வருஷமே முடிந்துவிட்டன. ஒவ்வொரு அட்டையும் அதனதன் பெட்டிக்குள் தனித்தனியாகக் கிடந்தது. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. வேர்க்காரர்தான் முதல் ஆள்.

'ப்ளீக்': 'தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறான், மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கும்போது அவன் முகம் அணைந்துவிடுகிறது.'

'டிஸ்மல்', அதற்கு மூன்று மாதம் கழித்து: 'மழை நின்று மூன்று மாதம் ஆகிறது, அவன் இன்னும் குடையோடுதான் வருகிறான்.'

'ஃபோர்லார்ன்': 'டீ ஏடு கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிவிட்டதே என்று வருத்தப்பட்டான்.'

'க்ளூமி': 'வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது; ஏறவில்லை.'

ஐந்தாவது 'மெலன்கலி'. மூலையில் போன வெள்ளிக்கிழமைத் தேதி. 'எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அடுக்கிவைத்தான். தினமும் "போய்ட்டு வரேன்" என்பவன், இன்று "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.'

வேர்க்காரர் 'போறேன்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். தமிழ் பேசுகிற வீடுகளில் பிள்ளை பேசப் பழகும்போதே கற்றுக்கொடுக்கிற பாடம் அது. வாசலைத் தாண்டுகிறவன் போறேன் என்று சொல்லமாட்டான். கோபித்துக்கொண்டு போகிறவன்கூட, வீட்டில் ஆள் இருந்தால், வரேன் என்றுதான் முனகிவிட்டுப் போவான். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன் மட்டுமே...

அவர் எதிர் மேஜையைப் பார்த்தார். பேனா, அட்டைக்கட்டு, தலைகீழாகக் கவிழ்த்த டம்ளர். மூன்று நாளாக ஆள் இல்லை. தகவல் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதர் சொல்லாமல் ஒரு அரை நாள் வராமல் இருந்ததில்லை.

போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே.

இங்கேதான் வேர்க்காரரின் மூளை தன் வேலையைக் காட்டியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு மூலம் கண்டுபிடிக்காமல் விடாத மூளை. ஏடு கட்டிய டீ? வாக்கியக்காரர் டீயை ஆற்றிக் குடிப்பவர்தானே. தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பது? ஆமாம், மனிதர் சிரித்துக்கொண்டே இருப்பார், என்னோடு சேர்ந்து. குடை மட்டும் கொஞ்சம் இடித்தது. வாக்கியக்காரரிடம் குடையே கிடையாது. சரி, வீட்டில் ஒன்று இருக்கும். ஆகமொத்தம், கண்டதை எழுது என்ற சட்டத்தை மதித்து, பாவி மனிதர் தினமும் கண்ணாடியில் கண்டதை எழுதியிருக்கிறார். ஒன்றேகால் வருஷமாக எதிர் மேஜையில் ஒரு ஆள் மூழ்கிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு லத்தீன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். ஐந்து மணிக்குள் குறிப்பை எழுதிப் போனிலேயே சொல்லிவிடுவதாகவும், இப்போது வாக்கியக்காரர் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்றும் சொன்னார். முற்றுப்புள்ளி மறுக்கப்போகிறார் என்று நினைத்து, மறுத்தால் வேலையை விட்டுவிடுகிற வசனம்வரை தயாராக வைத்திருந்தார். அவரோ ஐந்து அட்டைகளையும் ஒரு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து வேர்க்காரரைப் பார்த்தார். வேர்க்காரரின் கக்கத்தில் இருந்த குடையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

"நானும் வரட்டுமா?" என்றார்.

இருபது வருஷத்தில் அந்த அம்மாள் இருக்கையை விட்டு எங்கும் வருகிறேன் என்று சொன்னதில்லை. வேண்டாம், பக்கம் யார் பார்ப்பது என்று வேர்க்காரர் அவசரமாக வெளியே திரும்பினார்.

"போறேன் மேடம்."

"என்ன சொன்னீங்க?"

"போறேன்னேன்."

"போய்ட்டு வரேன்னு சொல்லுங்க."

வேர்க்காரருக்கு எரிச்சலாக வந்தது. ஒரு உயிர் ஊசலாடுகிறது, இந்த நேரத்திலும் இவருக்குப் பிழை திருத்தவேண்டும். சொல்லிவிட்டு மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

பஸ் கிடைத்தது. நகர்ந்தால்தானே. சிக்னலுக்குச் சிக்னல் நின்று யோசித்தது. கைக்கு வேலை கொடுக்க, அட்டையின் பின்பக்கத்திலேயே குறிப்பை எழுதப் பார்த்தார். டிஸ்மல்: லத்தீனில் 'கெட்ட நாட்கள்'. மாதத்துக்கு இரண்டு நாள் ஆகாத நாள் என்று பழைய காலண்டர்களில் குறித்துவைத்திருந்தார்கள். மாதம் இரண்டே நாளா, கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதி, அடித்தார். ஃபோர்லார்ன்: முற்றிலும் தொலைந்துபோன. அதற்குமேல் அந்தச் சொல்லைப் பற்றி எழுதக் கை வரவில்லை. க்ளூமி: முகத்தைச் சுளிப்பது என்ற பழைய சொல்லோடு உறவு, அதற்கு முன்னால் எங்கிருந்தது, தெளிவில்லை.

தெளிவில்லை என்று எழுதும்போது பேனா நின்றது. பத்தொன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அந்த மனிதருக்கு வீட்டில் என்ன குறை? தெரியாது. உடம்புக்கு என்ன? தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சொல்லுக்கு அப்பன் பாட்டன் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிகிறது.

பக்கத்தில் நின்ற ஆள் மழை வருமா என்று கேட்டார், குடையைப் பார்த்து. "இந்த பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள மழைக்காலமே வந்துரும்" என்று சொல்லி வேர்க்காரர் சிரித்தார். அந்த ஆளும் சிரிக்க ஆரம்பித்தார். அதற்குள் வேர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

வாக்கியக்காரர் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மணியை அழுத்தினார். உள்ளே மணி அடித்தது. வேறு ஒன்றும் அசையவில்லை. கதவைத் தட்டினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. தாழிடவில்லை.

வேர்க்காரர் உள்ளே போனார். கூடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. செருப்புகள் சுவரோரம் ஜோடி ஜோடியாக. செய்தித்தாள்கள் அடுக்கி, மேலே கனத்துக்கு ஒரு தகர டப்பா. எல்லாம் அதனதன் இடத்தில். எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டார். குரல் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கைப்பிடியில் கை வைத்துவிட்டு, அழுத்தாமல், எவ்வளவு நேரம் நின்றாரோ. கடவுள் விஷயத்தில் அவர் கொஞ்சம் இடக்குப் பேசுகிறவர். அன்றைக்கு எந்த இடக்கும் இல்லாமல் வேண்டிக்கொண்டு, தோளால் கதவை இடித்தார்.

கட்டிலில் ஒரு போர்வை மூட்டை. மூட்டையின் ஒரு முனையில் வாக்கியக்காரரின் தலை, நெற்றியில் ஈரத்துணி.

வேர்க்காரர் அந்த மூட்டையைப் பிடித்து உலுக்கினார். மூட்டை கண் திறந்தது.

"யோவ். என்னய்யா, கொள்ளை அடிக்க வந்தியா?"

வேர்க்காரர் கட்டிலோரத்தில் வாக்கியக்காரரின் காலின்மேலேயே உட்கார்ந்தார். ஏன் தகவல் சொல்லவில்லை என்று திட்டினார். செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன் என்று திட்டினார். போனை என்ன கிணற்றிலா போட்டாய் என்றார். கிணறு இல்லை, வாளி. ஜுரவேகத்தில் கை தவறி ஈரத்துணி வாளிக்குள் விழுந்துவிட்டது என்றார் வாக்கியக்காரர்.

"தகவல் சொல்லலையா? திங்கக்கிழமை காலைல என் மச்சினன்கிட்ட எழுதிக் குடுத்தேனே. உன் மேஜைல வெச்சுட்டு வந்தானாமே."

"எதுல எழுதின?"

"கைக்கு எட்டினது அட்டைதான். அதுலதான்."

வேர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை காலை. மேஜைமேல் ஒரு அட்டை. வாக்கியக்காரரின் கையெழுத்து: 'கடுமையான காய்ச்சல், இந்த வாரம் எழுந்து நடக்க முடியாது.' நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லைச் சொல்லாமல் காட்டவேண்டும் என்பதை மட்டும் மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஓரத்தில் 'காய்ச்சல் என்ற சொல்லைத் தவிர்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி, 'எஃப்' இழுப்பறையில் 'ஃபீவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் செருகியிருந்தார். தேதி மாறாமல், வரிசை பிசகாமல்.

சொன்னபோது வாக்கியக்காரருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, வேர்க்காரர் ஐந்து அட்டைகளையும் போர்வைமேல் வைத்தார்.

"காய்ச்சல் சரி. இதுக்கு என்ன சொல்ற?"

வாக்கியக்காரரின் சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்த அவர் மனைவி மாத்திரைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். வேர்க்காரரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, வந்துட்டீங்களா. நல்லவேளை. ராத்திரியெல்லாம் இவரு உங்களைத்தான் பொலம்பிட்டிருந்தாரு. அண்ணனுக்குப் போன் போடு, அண்ணி வீட்ல இருக்காங்களான்னு கேளு, தனியா விடக்கூடாதுன்னு. ஜுரத்துல ஒளர்றாருன்னு நெனச்சேன்."

வேர்க்காரர் அவரைப் பார்த்தார். பிறகு வாக்கியக்காரரைப் பார்த்தார்.

"சட்டம் என்னய்யா?" என்றார் வாக்கியக்காரர் மெதுவாக. "கண்டதை எழுது. என்னை நான் எங்கய்யா பாத்தேன்? ஒன்பது மணிலேர்ந்து அஞ்சு மணிவரைக்கும் எதுத்தாப்ல யாரு உக்காந்திருக்கா?"

வேர்க்காரர் வாயைத் திறந்தார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு ஒரு ஜோக் கைவசம் இருக்கும், எப்போதும் இருந்திருக்கிறது. தேடிப் பார்த்தார். இல்லை. கையில் குடை இருந்தது. அதை அப்போதுதான் பார்க்கிறவர்போல் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை, நீ பொடி எழுத்துப் படிக்கிற லென்ஸை எங்கிட்ட குடுத்த" என்றார் வாக்கியக்காரர். "மேஜையைத் துடைச்ச. சாவியை ஜன்னல்ல வெச்ச. போறேன்னு சொன்ன. நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன், நீ படி எறங்கிட்ட. அன்னிக்கு ராத்திரிதான் ஜுரம்."

வாக்கியக்காரரின் மனைவி பொட்டலத்தைப் பிரிக்காமலே சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

"செத்துரலாம்னு தோணுதாய்யா?"

யாரும் அவரிடம் எதையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. வேர்க்காரர் வெகுநேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செத்துரணும்னு இல்ல" என்றார் கடைசியில். "இருந்துதான் ஆகணுமான்னு இருக்கு."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். காரணம் ஒன்றும் இல்லை என்றார். அதுதான் வெட்கமாக இருக்கிறது என்றார். மனைவி நல்லவள். பையன் தன் காலில் நிற்கிறான். உடம்பில் சர்க்கரைகூடக் கட்டுக்குள் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாத மனிதன் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? காலையில் எழுந்தால் நெஞ்சில் ஈரமூட்டை ஏற்றிவைத்த மாதிரி இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டே பல் தேய்க்கிறேன், தூக்கிக்கொண்டே ஆபீசுக்கு வருகிறேன், மூட்டை தெரியக்கூடாது என்றுதான் ஜோக் சொல்கிறேன் என்றார். வாக்கியக்காரர் ஜுரத்தில் கொதிக்கிற கையை எடுத்து வேர்க்காரரின் மணிக்கட்டின்மேல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்கு வேர்க்காரரின் போன் அடித்தது. முற்றுப்புள்ளி.

"இருக்காரா?"

"இருக்கார் மேடம். காய்ச்சல்தான்."

"நீங்க? சௌக்கியமா?"

வேர்க்காரருக்கு அந்தச் சொல்லின் மூலம் ஞாபகத்துக்கு வரவில்லை. "சரியில்ல மேடம்" என்றார். சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

மறுமுனை, முடிந்தால் குறிப்பைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அச்சகம் நாளைவரை காத்திருக்கும், நான் பேசிக்கொள்கிறேன் என்றது. அந்த அம்மாள் அச்சகத்தைக் காத்திருக்கவைப்பதாவது. வேர்க்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். மெலன்கலி, கிரேக்கத்திலிருந்து. கருப்பு, பித்தம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. மனித உடம்பில் நாலு நீர் ஓடுவதாக அந்தக் கால வைத்தியர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அதில் கரும்பித்தம் மிஞ்சினால், காரணமே இல்லாமல் மனிதன் துக்கப்படுவான் என்றார்கள். நம் ஊர் வைத்தியத்திலும் பித்தம் தலைக்கேறும். ஆனால் அதற்குக் கருப்பு நிறம் கிடையாது.

"அப்படி ஒரு நீரே உடம்பில் இல்லை என்று பின்னால் தெரிந்தது" என்று சொல்லி நிறுத்தினார். "ஆனா அந்த நோயாளிங்க பொய் சொல்லல மேடம். இதை எழுதவேண்டாம்."

"எழுதிட்டேன்" என்றார் முற்றுப்புள்ளி. "எடுத்துக்காட்டு? அந்த வெள்ளிக்கிழமை வாக்கியம் அப்படியே இருக்கட்டுமா?"

வேர்க்காரர் போனை வாக்கியக்காரரின் காதருகே பிடித்தார். வாக்கியக்காரர் ஈரத்துணியை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வேர்க்காரரைப் பார்த்தபடியே சொன்னார்: "'சுட்டெரிக்கும் வெயிலில் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, நண்பனைக் காப்பாற்ற வந்து நின்றான்.' இன்னிக்கு நாலு மணிக்குக் கண்டது மேடம். தேதி போட்டுக்குங்க."

பிறகு நடந்தவையெல்லாம் வேர்க்காரரைக் கேட்டு நடக்கவில்லை. வாக்கியக்காரரின் மனைவி, தான் காய்ச்சலுக்குக் கூட்டிப்போகிற ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரும் உட்காருகிறார், நாளைக்குப் பத்து மணிக்கு இருவரையும் ஒரே ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகிறேன் என்றார். அண்ணியிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றும் கேட்டார். நானே சொல்கிறேன், இன்றைக்கே சொல்கிறேன் என்றார் வேர்க்காரர். கரும்பித்தத்துக்கு என்ன மாத்திரை தருவார்களோ என்று முனகினார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை, அது ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. சூடாக டீ வந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தார்.

கிளம்பும்போது வாக்கியக்காரர் தலையணைக்கு அடியிலிருந்து லென்ஸை எடுத்து நீட்டினார். "இந்தா. 'என்'னுலேர்ந்து 'இசட்' வரைக்கும் பாக்கி கெடக்கு. உன் வேலையை யார் தலைல கட்டப் பாக்கற? குடையை இங்கயே வெச்சுட்டுப் போ."

"எதுக்கு?"

"அடமானம். நாளைக்கு வந்து மீட்டுக்கோ."

வேர்க்காரர் குடையைக் கதவோரம் சாத்தினார். செருப்பை மாட்டினார். படியில் ஒரு காலை வைத்தவர், நின்று, திரும்பினார்.

"போய்ட்டு வரேன்."

"ம்" என்றார் வாக்கியக்காரர் உள்ளேயிருந்து. "கேட்டுச்சு."

நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸிலேயே ஏறினார். கால் வைக்க இடமில்லை. ஏறிக் கம்பியைப் பிடித்தபிறகுதான் அது தன் வீட்டுப் பக்கம் போகிற பஸ்தானா என்று பக்கத்தில் கேட்டார். போகிற பஸ்தான்.